இரண்டாம் நம்பரில் சுக்கு

பேச்சி அத்தையின் போன் இட்லி மாவுக்குள் விழுந்த அன்று, சந்து முழுக்கக் கேட்கும்படி நகுல் அழுதான்.

அவன் போனுக்காக அழவில்லை. சுக்குவுக்காக அழுதான்.

சுக்கு, நகுல் வீட்டு நாய். சுக்கின் நிறம், சின்ன உடம்பு, இடது காது மட்டும் மடங்கி இருக்கும். பிள்ளையார் ஊர்வலத்தில் அடித்த மேளச் சத்தத்தில் மிரண்டு ஓடிய சுக்கு, திரும்பி வரவே இல்லை. நகுலின் அப்பா வேல்ராஜ் சைக்கிளில் இட்லி விற்பவர். தாராவி, மாஹிம், வடாலா என்று சைக்கிள் போன இடமெல்லாம் ‘நாயைக் காணவில்லை’ நோட்டீஸும் போனது. அதில் சுக்குவின் படம். படத்துக்குக் கீழே நகுலின் அம்மா பேச்சி அத்தையின் நம்பர்.

அந்த நம்பருக்கு அன்று காலையில் மணி அடித்தது. மாவு கரைத்துக்கொண்டிருந்த அத்தை, ஈரக் கையோடு பாய்ந்து போனை எடுத்தார். போன் மீன் மாதிரி நழுவி மாவுக்குள் குதித்துவிட்டது.

சந்து முனையில் மொபைல் கடை வைத்திருக்கும் ஷாகிர் பாய் போனைத் திறந்து பார்த்தார்.

“உள்ளே எல்லாம் மாவு. புது பார்ட் வரணும், ஒரு வாரம் ஆகும். சிம்முக்கு ஒண்ணும் ஆகலை” என்று சிம்மைத் துடைத்துக் கையில் கொடுத்தார்.

கீழ்வீட்டுச் சஃப்ரீன், வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நகுலுக்கு ஒன்பது வயது. அவளுக்குப் பதினொன்று. மாடி வீட்டுக்கு ஏறும் இரும்பு ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்து நகுல் விசும்பினான்.

“நோட்டீஸ்ல எல்லாம் அந்த நம்பர்தான் இருக்கு. சுக்குவைப் பார்த்தவங்க இனி எந்த நம்பருக்குக் கூப்பிடுவாங்க?”

“சிம்மை உங்க அப்பா போன்ல போடலாமே” என்றாள் சஃப்ரீன்.

“அது பழைய பட்டன் போன். ஒரு சிம்முக்குத்தான் இடம்.”

சஃப்ரீன் வீட்டுக்குள் போனாள். உம்மா சைனப் அரிசி களைந்துகொண்டிருந்தார்.

“உம்மா, நம்ம போன்ல இன்னொரு சிம் போடுத இடம் சும்மாதானே கிடக்கு?”

உம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. கொஞ்சம் யோசித்தார். சஃப்ரீனின் வாப்பா கலீலுல்லா தோல் பை தைப்பவர். பட்டறையில் மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்பதால், பைக்கான ஆர்டர் எல்லாம் உம்மாவின் போனுக்குத்தான் வரும்.

“ரெண்டு நம்பரும் ஒரே போன்ல வந்தா குழம்பிராதா?”

“பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போன் என் பொறுப்பு. நான் பார்த்துக்கிடுதேன்.”

உம்மாவின் கம்மல் முனையால் குத்தி, போனின் பக்கத்தில் இருந்த சின்னத் தட்டை வெளியே எடுத்தார்கள். பேச்சி அத்தையின் சிம் அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. திரையில் ஒன்று, இரண்டு என்று இரண்டு எண்கள் தெரிந்தன. ஒன்று பைகளுக்கு. இரண்டு சுக்குவுக்கு.

எந்த நம்பர் அடிக்கிறது என்று சட்டென்று தெரிய வேண்டும் என்று, இரண்டாம் நம்பருக்கு நாய் குரைக்கும் சத்தத்தை வைத்தாள் சஃப்ரீன். அதுதான் பொருத்தம் என்று நினைத்தாள்.

அன்று பள்ளி விடுமுறை. மதியம் போன் குரைத்தது. ஏணி தடதடவென்று அதிர, நகுல் பாதிச் சோற்றுக் கையோடு ஓடி வந்தான்.

“எங்க? சுக்கு எங்க?”

கட்டிலில் குரைத்துக்கொண்டிருந்த போனைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கிப் போனது. சஃப்ரீன் எடுத்ததும், யாரோ ஒரு பையன் அந்தப் பக்கத்திலிருந்து ‘வவ் வவ்’ என்று சொல்லிச் சிரித்துவிட்டு வைத்தான்.

சஃப்ரீன் குரைப்பை எடுத்துவிட்டுப் பள்ளி மணியோசையை வைத்தாள்.

மறுநாள் போன் அடித்தபோது அவள் தலை பின்னிக்கொண்டிருந்தாள். எந்த நம்பர் என்று பார்க்காமலே எடுத்துவிட்டாள்.

“நான் செம்பூர்லேருந்து சுந்தரராமன் பேசறேன். உங்க பிரவுன் கலர் விஷயமா கூப்பிட்டேன்.”

சஃப்ரீன் பின்னலை விட்டுவிட்டு எழுந்தாள். “கிடைச்சுட்டா மாமா?”

“கிடைச்சுது. ஆனா பெல்ட் அறுந்து போயிடுத்து.”

சுக்குவின் கழுத்தில் இருந்த சிவப்பு பெல்ட், வாப்பாவின் பட்டறையில் மிஞ்சிய தோலில் அவளே வெட்டிக் கொடுத்தது.

“பெல்ட் போனா போகுது மாமா. அடி கிடி ஏதும் பட்டிருக்கா?”

“அடி நன்னாத்தான் இருக்கு. வாய்தான் சரியா மூட மாட்டேங்கறது.”

“பசியா இருக்கும் மாமா. ரெண்டு பிஸ்கட் போடுங்க.”



“பிஸ்கட்டா? ஆபீஸ் பைக்குள்ள நான் எதுக்கும்மா பிஸ்கட் போடணும்?”

உம்மா போனை வாங்கி விஷயத்தைச் சொன்னார். சுந்தரராமன் சிரித்த சிரிப்பு, போனைத் தள்ளி வைத்தாலும் கேட்டது. பையை அனுப்பினால் புது பெல்ட் போட்டு, ஜிப்பும் மாற்றித் தருவதாக வாப்பா சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு, திரையைப் பார்க்காமல் சஃப்ரீன் போனைத் தொடுவதே இல்லை.

ஆனால் இரண்டாம் நம்பருக்கு அதிகம் யாரும் கூப்பிடவில்லை. ஒருவர் வெள்ளை நாயைப் பார்த்ததாகச் சொன்னார். இன்னொருவர் பூனை வேண்டுமா என்று கேட்டார்.

ஒரு நாள் மாலை வேல்ராஜ் வாடிய முகத்தோடு சைக்கிளை நிறுத்தினார்.

“வடாலாவுல என்கிட்ட இட்லி வாங்குத ஒருத்தர், சுக்கு மாதிரி ஒரு நாயைப் பார்த்திருக்காரு. அப்பவே இந்த நம்பருக்குப் போட்டிருக்காரு. சுவிட்ச் ஆஃப்னு வந்துச்சாம். நான் இப்ப அந்தத் தெரு முழுக்கத் தேடிட்டேன். காணோம்.”

நகுல் மெதுவாகத் திரும்பிச் சஃப்ரீனைப் பார்த்தான்.

“போனை ஆஃப் பண்ணி வச்சிருந்தியாக்கா?”

“இல்லடா. ஒரு நிமிஷம்கூட ஆஃப் பண்ணலை.”

நகுல் ஏணியில் ஏறிப் போய்விட்டான். அவன் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று சஃப்ரீனுக்குத் தோன்றியது. அன்று அவளுக்கு மீன் குழம்புகூட இறங்கவில்லை.

ஆஃப் பண்ணாத போன், ஆஃப் என்று எப்படிச் சொல்லும்?

அடுத்த நாள் பள்ளி விட்டதும் நேராக ஷாகிர் பாய் கடைக்குப் போனாள். “பாய், உங்க போனை ஒரு நிமிஷம் தாங்க” என்று வாங்கி, இரண்டாம் நம்பரை அழுத்தினாள். மணி அடித்தது. உம்மா எடுத்து, “யாரு?” என்றார்.

“நான்தான் உம்மா. சும்மா போட்டுப் பார்த்தேன்.”

நன்றாகத்தானே அடிக்கிறது? கடை ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஷாகிர் பாய் ஒரு போனுக்குக் கண்ணாடி ஒட்டி முடித்ததும், மறுபடியும் போட்டுப் பார்த்தாள்.

‘நீங்கள் அழைத்த எண் சுவிட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது’ என்றது ஒரு பெண்குரல்.

சஃப்ரீன் ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடினாள். உம்மா கட்டிலில் சாய்ந்து, காதில் போனை வைத்துக்கொண்டு, “ஆமா, அதுக்கு அவ மாமியார் என்ன சொன்னா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கம், சீத்தா கேம்ப் பகுதியில் இருக்கும் சாச்சி. உம்மாவின் தங்கை.

சஃப்ரீனுக்குப் புரிந்துவிட்டது. போன் ஒன்றுதான். முதல் நம்பரில் பேசிக்கொண்டிருக்கும்போது இரண்டாம் நம்பர் தூங்கிப் போகிறது. கூப்பிடுகிறவருக்கு அது சுவிட்ச் ஆஃப்.

உம்மாவிடம் சொன்னாள். உம்மா வாயில் கை வைத்துக்கொண்டார்.

“நான் பேசினதாலயா? அப்படி ரொம்ப நேரமா பேசுதேன்?”

“ரொம்ப இல்ல உம்மா. குக்கர்ல பருப்பு வெந்து, ஆறி, திரும்பச் சுட வைக்குத வரைக்கும்தான்.”

உம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. “நாய் கிடைக்குத வரைக்கும் நான் சாச்சிகிட்ட பேசல” என்று போனை அலமாரியின் மேல் வைத்தார்.

சஃப்ரீன் மேலே போய் நகுலிடமும் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நீ ஆஃப் பண்ணலைன்னு எனக்குத் தெரியும்க்கா” என்றான் அவன். நேற்று அது அவனுக்குத் தெரிந்த மாதிரி இல்லை. ஆனால் சஃப்ரீன் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

மறுநாள் சாயங்காலம் வேலை எல்லாம் முடிந்து உம்மா உட்கார்ந்தார். கண் அலமாரிப் பக்கம் போனது. பிறகு சுவரைப் பார்த்தார். சாச்சியின் மகள் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்திருந்தாள். தாயும் பிள்ளையும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்க உம்மாவுக்கு வாய் துடித்தது. சஃப்ரீனுக்குப் பாவமாக இருந்தது. சுக்குவும் கிடைக்க வேண்டும், உம்மாவும் பேச வேண்டும்.

அப்போதுதான் அவளுக்கு ஒரு சத்தம் நினைவுக்கு வந்தது. சாச்சியோடு பேசும்போது நடுவில் வாப்பா கூப்பிட்டால், உம்மாவின் காதில் ‘டிக், டிக்’ என்று கேட்கும். ‘இருடி, அவக கூப்பிடுதாக’ என்று சாச்சியை நிறுத்தி வைத்துவிட்டு, வாப்பாவிடம் பேசுவார். ஒரே நம்பருக்கு இரண்டு பேர் கூப்பிட்டால் ஒருவர் காத்திருக்கலாம்.

மீண்டும் ஷாகிர் பாய் கடைக்கு ஓடினாள்.

“பாய், ரெண்டாம் நம்பர் தூங்குத நேரத்துல அதுக்கு வர்ற அழைப்பை முதல் நம்பருக்குத் திருப்பி விட முடியுமா? அப்ப டிக் டிக்னு கேட்கும்ல?”

ஷாகிர் பாய் கையில் இருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

“திருப்பி விடலாமே. இது எனக்குத் தோணலை பாரேன். போனைக் கொண்டா.”

இருவரும் சேர்ந்து போனின் அமைப்புகளுக்குள் தேடி, இரண்டாம் நம்பர் கிடைக்காதபோது வரும் அழைப்பை முதல் நம்பருக்கு மாற்றி வைத்தார்கள். அதைச் சோதித்துப் பார்க்க யாரோ ஒருவர் முதல் நம்பரில் பேசிக்கொண்டிருக்க வேண்டுமே. அந்த வேலையை உம்மா சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்.

“குழந்தைக்கு முடி எப்படி இருக்கு? சுருட்டையா?” என்று சாச்சியிடம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே காதில் டிக் டிக் வந்தது. ஷாகிர் பாய் கடையிலிருந்து சஃப்ரீன்தான்.

“கேக்குது, கேக்குது” என்றார் உம்மா.

அதற்குப் பிறகு உம்மா பழையபடி பேசினார். மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில், சாச்சியோடு பேச்சு நல்ல சூட்டில் இருந்தபோது, மறுபடியும் டிக் டிக் கேட்டது.

“இருடி, யாரோ கூப்பிடுதாங்க” என்று உம்மா அந்த அழைப்பை எடுத்தார். கேட்டுக்கொண்டே எழுந்து நின்றுவிட்டார். போனைச் சஃப்ரீனிடம் நீட்டினார்.

ஹிந்தியில் ஒரு தாத்தா பேசினார். அவளை ‘பேட்டி’, அதாவது மகளே, என்று அழைத்து, நோட்டீஸில் இருக்கும் நாய் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார்.

சஃப்ரீன் அவசரப்படவில்லை. “நாய்தானே? பை இல்லையே?” என்று முதலில் கேட்டுக்கொண்டாள்.

“நாய்தான் பேட்டி. நாலு கால் இருக்கு.”

“எந்தக் காது மடங்கி இருக்கு?”

“இடது காது. கழுத்துல சிவப்பு பெல்ட். சாயங்காலத்துல எத்தனை தடவை கூப்பிட்டேன், எப்பவும் சுவிட்ச் ஆஃப். இதுதான் கடைசின்னு நினைச்சுப் போட்டேன்.”

சஃப்ரீன் ஏணிக்குக் கீழே நின்று, “நகுல்” என்று ஒரு தடவைதான் கூப்பிட்டாள். அந்தக் குரலிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. செருப்புகூடப் போடாமல் இறங்கி வந்தான்.

வேல்ராஜ், நகுல், சஃப்ரீன் மூவரும் டாக்ஸி பிடித்து வடாலாவுக்குப் போனார்கள். டாக்ஸி சந்து முனையைத் தாண்டிய பிறகுதான், சாச்சி இன்னும் அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருப்பது உம்மாவுக்கு ஞாபகம் வந்தது. எடுத்துப் பேசினால், “நாய் கிடைச்சுதா இல்லையா, அதை முதல்ல சொல்லு” என்றார் சாச்சி.

மோனோ ரயில் பாலத்தின் தூண் பக்கத்தில், தார்ப்பாய்க்குக் கீழே ராம்லகன் என்ற தாத்தா துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மேஜைக்கு அடியில் கதகதப்பான இடத்தில், பழைய போர்வையைச் சுற்றிக்கொண்டு படுத்திருந்தது சுக்கு. கொஞ்சம் கொழுத்தும் இருந்தது.

“சுக்கு” என்றான் நகுல்.

போர்வை ஒரு பக்கம் போனது, சுக்கு ஒரு பக்கம் பாய்ந்தது. நகுல் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் முகம், காது, கழுத்து என்று ஒரு இடம் விடாமல் சுக்கு நக்கியது. வேல்ராஜ் மழையைத் துடைக்கிற மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நான் இவனுக்கு சேட்னு பேர் வச்சிருந்தேன்” என்றார் ராம்லகன். “நான் நாள் முழுக்க வேலை செய்வேன். இவன் படுத்துக்கிட்டே முதலாளி மாதிரி பார்த்துக்கிட்டிருப்பான்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு குனிந்து அந்தப் போர்வையை எடுத்து மடித்தார். மடித்ததையே மறுபடியும் பிரித்து மடித்தார். சஃப்ரீன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தாதாஜி, அந்த நம்பரை வச்சிருக்கீங்கள்ல? எப்ப வேணும்னாலும் போடுங்க. இனி சுவிட்ச் ஆஃப்னு வராது” என்றாள்.

அடுத்த நாள் மாலை, இரண்டாம் நம்பரின் மணி அடித்தது. சஃப்ரீன் திரையைப் பார்த்துவிட்டு எடுத்தாள்.

“ஒண்ணுமில்ல பேட்டி” என்றார் ராம்லகன். “சேட் சாப்பிட்டாரான்னு கேட்கலாம்னு போட்டேன்.”

சஃப்ரீன் போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள். நகுலின் மடியில் கிடந்த சுக்குவின் காதில் வைத்தாள். உள்ளிருந்து “சேட், சேட்” என்று குரல் வந்ததும், சுக்கு படுத்தபடியே வாலை ஆட்டியது. பிறகு போனை ஒரு தடவை நன்றாக நக்கியது.

சஃப்ரீன் போனைப் பாவாடையில் துடைத்து, தன் காதில் வைத்துக்கொண்டாள்.

“சாப்பிட்டாராம், தாதாஜி” என்றாள்.