ஏழேமுக்கால்

எட்டு என்று சொல்லி முடித்த பிறகு ஒரு கால் தரையில் இறங்கியது.

வளர்மதி அதைத் திங்கட்கிழமை முதலில் கேட்டாள். உடற்பயிற்சியின் கடைசி எட்டு முடிந்து, பதினோரு பெண்களும் கைகளைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். வெயில் தாழத் தாழத் தகரக் கூரை டக் டக்கென்று சுருங்கியது; ஜங்ஷன் பக்கம் ஒரு சரக்கு ரயில் பெட்டி பெட்டியாக இழுபட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது; வியர்வையும் தலைவலித் தைலமும் அந்தக் கொட்டகையை விட்டுப் போகாத ஈரக் களிமண் வாடையும் கலந்து கிடந்தன. அதற்கு நடுவில், கடைசி வரிசைக்குப் பின்னால், வெறுங்காலின் முழு எடையோடு ஒரு தப். யாரோ பிந்திவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். செவ்வாயன்றும் அது பிந்தியது. புதன்கிழமை காலோடு சேர்ந்து ஒரு மூச்சும் வந்தது. அவளுக்குப் பயம் வரவில்லை. மூன்று வாரமாக அவளுக்கு எதுவுமே வரவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடப்பதுபோல நாட்களைக் கடந்துகொண்டிருந்தாள்.

அந்தக் கொட்டகையில் முன்பு பீங்கான் பியூஸ் கட்டைகளைக் காயவைப்பார்கள். கம்பெனி மூடிய பிறகு வாடகைக்கு எடுத்து, மாலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடத்திவந்தாள். எட்டெட்டாகத்தான் எண்ணுவாள். ஏழுக்கு வந்ததும் அவளுடைய வித்தை தொடங்கும். ஏழேகால், ஏழரை, ஏழேமுக்கால் என்று இழுப்பாள். எட்டு லேசில் வராது. சத்துணவு அமைப்பாளராக இருக்கும் தனக்கோடி, நல்லா இருக்கற உடம்புல ஏழரையக் கூட்டாதீங்க மேடம் என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கிற நேரத்தில் இன்னும் கொஞ்சம் தாங்கிவிடுவார்கள்.

பாஞ்சாலைக்கு ஐம்பது வயது. ஊரில் இன்னும் ஓடுகிற வேறொரு பீங்கான் கம்பெனியில் வேலை முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல், விரல்களில் காய்ந்த வெள்ளைக் களிமண்ணோடு நேராக வருபவள். கிண்டல் பேசமாட்டாள், சொன்னதைச் செய்வாள். மூன்று வாரத்துக்கு முன், நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்ததுபோல முழங்காலை மடித்து, கைகளை மேலே நீட்டி நிற்கும் பயிற்சி நடந்தது. ஏழரையில் பாஞ்சாலையின் உதடு வெளுத்தது. வளர்மதி அதைப் பார்த்தாள். "விட்டுடாதீங்க க்கா, இதோ முடிஞ்சிடுச்சு" என்றாள். ஏழேமுக்கால் என்றாள். பாஞ்சாலை பக்கவாட்டில் சாய்ந்தாள். அழைத்துப்போக வந்து வாசலில் நின்றிருந்த அவள் புருஷன் மாயவன்தான் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

இதயம் என்றார்கள். யாரும் வளர்மதியைக் குறை சொல்லவில்லை. காரியம் முடிந்த மறுநாள், விட்டுப்போன செருப்பை எடுத்துப்போக மாயவன் வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"ஆட்டோல போவும்போது, எட்டு சொல்லிட்டாங்களா, எட்டு சொல்லிட்டாங்களான்னு கேட்டுக்கினே வந்தா. சொல்லிட்டாங்கன்னு நான்தான் சொன்னேன்." கையில் இருந்த செருப்பைச் சற்று நேரம் பார்த்தார். "சொன்னீங்க இல்ல?"

வளர்மதி தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு அவள் வகுப்பில் ஏழுக்கு அடுத்து எட்டுதான். அந்த நாற்காலிப் பயிற்சியும் இல்லை.

வெள்ளிக்கிழமை அவள் மகள் இளமதி முதல் தடவையாக வகுப்புக்கு வந்து முன்வரிசையில் நின்றாள். போலீஸ் செலக்‌ஷனுக்கு உடம்பைத் தயார் செய்ய வேண்டுமாம். வேண்டாம் என்று சொல்ல வளர்மதியிடம் வெளியே சொல்லக்கூடிய காரணம் ஒன்றும் இல்லை. தொடைக்கு வலு வேண்டும், அந்த நாற்காலியைக் கொடு என்று மகள் கேட்டாள். பாஞ்சாலை அக்கா நினைப்பா ஒரு தடவை செய்யலாமே என்று தனக்கோடியும் சேர்ந்துகொண்டாள்.

வளர்மதி ஒத்துக்கொண்டாள். ஒரே ஒருமுறை சத்தமாக, இழுக்காமல் எட்டு சொல்லிவிட்டால் பின்வரிசைக்கு அப்பாலும் அது போய்ச் சேரும் என்று எங்கோ ஓர் எண்ணம். மகள் கால் மடித்து நிற்கும்போது எண்ணிக்கை எங்கும் தட்டக் கூடாது. அது மட்டும் போதும்.

பன்னிரண்டு பேரும் இறங்கினார்கள். ஒரு நொடி கழித்து, பின்னால் இன்னொரு ஜோடிக் கால்களும் இறங்கின.

ஒன்று. இரண்டு. மூன்று. குரல் சீராகத்தான் இருந்தது. ஆறு. ஏழு.

எட்டுக்காக வாயைத் திறந்தாள்.

"ஏழேகால்."

பெண்கள் சிரித்தார்கள். பழைய மேடம் வந்துட்டாங்க என்றாள் தனக்கோடி.

"ஏழரை."

சிரிப்பு நின்றது.

"ஏழேமுக்கால்."

இனி எட்டுதான். வேறு எண் கிடையாது. வளர்மதி பல்லைக் கடித்தாள். பல் தானாகத் திறந்தது.

"ஏழேமுக்காலே அரைக்கால். ஏழேமுக்காலே மூணு வீசம்."

அதற்குப் பிறகு வந்தவை அவள் எங்கும் படித்திராத எண்கள். மிச்சத்தில் பாதி. அந்த மிச்சத்திலும் பாதி. ஒவ்வொன்றும் எட்டுக்கு இன்னும் அருகே போனது. எதுவும் எட்டு இல்லை. குரல் மட்டும் உற்சாகமாக இருந்தது. தினமும் பெண்களைத் தட்டிக்கொடுக்கும் அதே குரல்.

எழுந்திருங்க என்று சொல்லப் பார்த்தாள். எண்தான் வந்தது. யாரும் எழவில்லை. தொடைகள் உதறின. தனக்கோடியின் கண்கள் மேலே செருகின. நீட்டிய கைகள் இறங்கவில்லை.

"ம்மா, எட்டு சொல்லும்மா" என்றாள் இளமதி. மெதுவாகத்தான் சொன்னாள். "எழுந்துக்க முடியல."

வளர்மதி ஓடிப்போய் மகளின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கினாள். அசையவில்லை. நட்டுவைத்த கல். மகளின் உதடு ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது. இப்போது அழ வேண்டும் என்று தெரிந்தது. அழுகை வரவில்லை. எண் வந்தது.

பின்னால் ஒரு கால் எழுந்தது.

தப்.

வரிசைகளுக்கு நடுவே.

தப். தப்.

இளமதியின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. ஈரக் களிமண் வாடை மூக்கில் ஏறியது. அங்கே யாரும் இல்லை. மகளின் கறுப்பு டீஷர்ட்டில், இரண்டு தோள்களிலும், வெள்ளைக் களிமண் விரல் விரலாகப் பதிந்தது. பத்து விரல்கள். அவை அழுத்தின. இளமதி இன்னும் ஓர் அங்குலம் கீழே இறங்கினாள். தூக்கிப் பிடித்திருந்த வளர்மதியும் அவளோடு சேர்ந்து இறங்கினாள். மகளின் முகத்துக்கு நேர் எதிரே, அவள் வாய் அடுத்த எண்ணைச் சொன்னது.