நாற்பத்தோரு பொட்டலங்கள்

நாற்பத்தோராவது பொட்டலத்துக்கு ஃப்ரீசரில் இடமே இல்லை. அப்பா அதை எப்படியோ இடித்துத் திணித்தார்.

அப்பா தச்சர். ஊரார் வீட்டுக் கதவுகளை இழைத்து இழைத்து, காற்றுகூட நுழையாதபடி மூட வைப்பவர். தன் வீட்டு ஃப்ரீசர் கதவைத் தோளால் ஒரு முட்டு முட்டி, “மூடிடுச்சு” என்றார்.

மூடவில்லை.

பொட்டலம் முழுக்கச் சுக்கினிக்காய். வெள்ளரிக்காய்க்கு அண்ணன் மாதிரி இருக்கும். கொல்லையில் அதை விதைத்தது அம்மா. முதல் பூ விரிவதற்குள் அம்மா நோயில் இறந்துவிட்டாள். செடிகளுக்கு அதெல்லாம் தெரியுமா? அவை பாட்டுக்குக் காய்த்துத் தள்ளின.

அப்பா ஒரு காயைக்கூடச் சமைக்கவில்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. தினமும் வேலை முடிந்து வந்ததும் காய்களை நறுக்குவார். கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, குளிர்ந்த நீரில் அலசி, துணியால் ஒற்றி, பையில் அடைத்துத் தேதி எழுதுவார். சாப்பாட்டுக்கு மட்டும் கடை ரொட்டிதான்.

“ஒண்ணே ஒண்ணு சமைக்கலாமாப்பா?” என்று மகள் கேட்டுப் பார்த்தாள். பத்து வயது, ஆள் பொடிசு, பேச்சு காரம். அதனால் அவளுக்குக் கடுகு என்று பெயர்.

“வேணாம். இருக்கட்டும்.”

ஏன் என்று கடுகுக்குத் தெரியும். செடிகளும் காய்ந்துவிட்டன, இதையும் சாப்பிட்டால் தீர்ந்துவிடும். அப்புறம் அம்மா விதைத்தது என்று எதுவும் மிஞ்சாது. அதனால் அவளும் மறுபடி கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலறைத் தரையில் அவள் கால் சளக்கென்று நனைந்தது. ஃப்ரீசர் கதவு இரண்டு விரல் அளவு திறந்து கிடந்தது. பொட்டலங்கள் எல்லாம் தொளதொளத்துக் கிடந்தன.

அப்பா ஓடிவந்து பார்த்தார். அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

“மறுபடி மூடி வெச்சா உறையாதாப்பா?”

“உருகினதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது, கண்ணு. எல்லாம் போச்சு.”

அம்மா இறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் பார்த்த அதே முகம். கடுகுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு பொட்டலத்தை எடுத்து அழுத்தினாள். நடுவில் இன்னும் பனிக்கட்டி இருந்தது.

“சில்லுனுதான் இருக்குப்பா. இப்பவே சமைச்சா கெடாது.”

“நாற்பத்தொண்ணையுமா?”

“குப்பையில போடறதுக்கா அம்மா விதைச்சாங்க? எழுந்திருங்க.”

அப்பா எழுந்தார்.

மாடி வீட்டுத் தபால்கார அக்கா பெரிய அண்டா கொடுத்தார். வெங்காயம் வதக்கி, முதல் பத்துப் பொட்டலங்களை அப்படியே கொட்டினார்கள். ஒரே தண்ணீர்.

“இது சூப்பா, குளமா?” என்று எட்டிப் பார்த்தார் அக்கா.

மிச்சத்தைத் துணியில் கட்டிப் பிழிந்துவிடலாம் என்றாள் கடுகு. ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை அப்பா. அவள் முறுக்கிய பக்கமே அப்பாவும் துணியைச் சுழற்ற, அது சும்மா சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.

“அப்பா! அந்தப் பக்கம்!”

அப்புறம் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. காயை மசித்து, மிளகு தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தார்கள். வாசனை போன வழியே தெருவே கிண்ணத்தோடு வந்தது. அப்பா எல்லோருக்கும் ஊற்றினார். தான் மட்டும் தொடவில்லை.

அண்டாவின் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. கடுகு இரண்டு கிண்ணங்களில் ஊற்றி மேசைமேல் வைத்தாள். அப்பா கிண்ணத்தை எடுத்து, திரும்பக் கீழே வைத்தார்.

“இதோட தீர்ந்துடும், கடுகு.”

“தெரியும்ப்பா. எனக்கும் பயமாத்தான் இருக்கு. சேர்ந்து சாப்பிடலாம்.”

அப்பா ஒரு வாய் குடித்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவே இல்லை. இன்னொரு வாய் குடித்தார்.

“உப்பே போடலை. உங்கம்மா இருந்திருந்தா, ஒரு வாரத்துக்கு நம்ம ரெண்டு பேரையும் கிண்டல் பண்ணியே கொன்னிருப்பா.”

கடுகுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

“ஒரு வாரமா? ஒரு மாசம்ப்பா!” என்று சொல்லிக்கொண்டே உப்பு எடுக்க ஓடினாள்.