முன்கூட்டி அடித்த பேனர்

பாகூர் கடைத்தெருவில் செத்தவர் முகத்துக்கு விலை நானூற்றைம்பது ரூபாய். ஆறுக்கு நாலு அடி பேனர், நீள்வட்டச் சட்டத்துக்குள் முகம், சுற்றிலும் ரோஜா மாலை. மூலையில் சொட்டும் கண்ணீர்த்துளி இலவசம். உயிரோடு இருந்தபோது அந்த முகத்துக்காக யாரும் பத்து ரூபாய் அவிழ்த்திருக்க மாட்டார்கள்.

இந்த வியாபாரத்தில் செல்வகுமாரி பயந்ததே இல்லை, அந்த மழைச் சாயங்காலம் வரைக்கும். மஞ்சள் நீராட்டு விழா பேனருக்காகப் பெண்பிள்ளையின் படத்தைக் காப்பி செய்து பேஸ்ட் கொடுத்தாள். பூ அலங்காரத்துக்கு நடுவே வந்து உட்கார்ந்தது கிழவர் பச்சையப்பனின் முகம்.

அவர் சாகவில்லை என்பதுதான் சங்கடம். போன வாரம் அவர் மகன் வீரப்பன் கரையாம்புத்தூரிலிருந்து வந்து, நின்ற வாக்கிலேயே பேரம் பேசினான்.

"டாக்டரு கைய விரிச்சிட்டாருக்கா. ராத்திரி தாங்காது. நாளிக்கு அவசரம்னு வந்தா நீ எரநூறு ஏத்துவ. இப்பவே அடிச்சி வையி, நானூறு."

"உசுரோட இருக்கிறவருக்கா?"

"நாளிக்கு இருக்க மாட்டாருக்கா."

மறுநாள் தேதியை மறைவு என்று போட்டு அடித்தாள். மறுநாள் பச்சையப்பன் எழுந்து உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு கேட்டார். பேனர் சுருட்டியபடியே கடை மூலையில் நின்றுவிட்டது.

இப்போது அந்த முகம் எங்கிருந்து வந்தது என்று கிளிப்போர்டு ஹிஸ்டரியைத் திறந்தாள். காலையிலிருந்து காப்பி செய்ததெல்லாம் வரிசையாக இருக்க வேண்டிய இடத்தில் அந்த ஒரே முகம். அழித்தாள். மறுபடி வந்தது. கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் கலைவேந்தனுக்குப் போன் போட்டாள்.

"பின் பண்ணி வச்சிருப்பக்கா. அந்தக் குண்டூசி படத்த அமுக்கி எடுத்துட்டு, கிளியர் ஆல் குடு. கேக்கலன்னா ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. அதுக்கும் கேக்கலன்னா கற்பூரம் காட்டு."

குண்டூசி எதுவும் குத்தியிருக்கவில்லை. ஆஃப் செய்தாள். தகரக் கூரையில் மழை பொரிந்துகொண்டிருந்தது. மையின் காட்டமும் பேனர் துணியின் ரப்பர் வாடையும் ஈரக்காற்றில் ஊறித் தொண்டையில் ஒட்டின. அணைந்த திரையில், தன் நிழலுக்குப் பின்னால், மூலையில் நின்ற பேனர் சுருள் உள்ளே யாரோ மூச்சு விடுவதுபோல மெல்ல இளகி மெல்ல இறுகியதைப் பார்த்தும் பார்க்காதவளாக இருந்தாள்.

ஆன் செய்தாள். அதே முகம். அடியில் மறைவு, இன்றைய தேதி. நரை மட்டும் குறைந்திருந்தது.

அழித்தாள். நரை போயிற்று.

அழித்தாள். கன்னம் நிரம்பியது.

அழித்தாள். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு.

தமிழ்க்குமரன். அவள் புருஷன். சேதராப்பட்டில் ஷிஃப்ட் முடித்து பைக்கில் வந்துகொண்டிருப்பவன். போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

அடித்த பேனருக்கு ஆள் வரவில்லை. அது ஆள் பார்க்கிறது.

பச்சையப்பனின் பழைய படத்தைத் தேடி எடுத்தாள். காப்பி கொடுத்தாள். "யாருக்கு அடிச்சதோ அவருகிட்டயே போவட்டும்," என்று முணுமுணுத்தாள். தழும்பு மறைந்தது. நரை திரும்பியது.

போன் அடித்தது. வீரப்பன்.

"அக்கா, அப்பா பூட்டாருக்கா. இப்பதான். கஞ்சி குடிச்சிட்டே இருந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு."

அவள் மூலையில் நின்ற சுருளைத் திரும்பிப் பார்த்தாள்.

"பேனர்ல தேதி தப்பா இருக்கும்ல. மேல ஸ்டிக்கரு ஒட்டிக் குடுத்துடாத, ஊரு சிரிக்கும். புதுசாவே அடிச்சிடு. ரேட்டு மட்டும் பாத்துப் போடு."

"சரிப்பா," என்றது வியாபாரம் பழகிய வாய். தேதியை மாற்றி அனுப்பினாள். பின்னறையில் மெஷின் ஓடத் தொடங்கியது. அப்போதுதான் தமிழ்க்குமரனின் மெசேஜ் வந்தது: வில்லியனூர் தாண்டிட்டேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலியாகிவிட்டதைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்று ஹிஸ்டரியைத் திறந்தாள்.

புருவத் தழும்பு. ஹெல்மெட் இல்லாத தலை. நெற்றியில் மழைத்தண்ணீர், இன்னும் வழிந்தபடி.

பின்னால் சரசரவென்று ஒரு சத்தம். மூலையில் நின்ற பழைய பேனர் தானாகவே தரையில் விரிந்து கிடந்தது. மாலை இருந்தது. கண்ணீர்த்துளி இருந்தது. சட்டத்துக்குள் முகம் இல்லை.

பேனர் இரண்டு. சாவு ஒன்று.

பாக்கி ஒன்று.