பேச்சுப்பூட்டு

"கதவைத் திறக்கப் போகிறேன்" என்றது வீடு. "புறப்படப் போகிறேன்" என்றது வாசலில் நின்ற வண்டி. வழிநெடுக அது "இடப்பக்கம் திரும்பப் போகிறேன்", "வேகத்தைக் குறைக்கப் போகிறேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தது. பூங்கோதை எதையும் காதில் வாங்கவில்லை. அறிவிப்புச் சட்டம் வந்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். எந்தப் பொறியும் தான் செய்யப் போவதை முதலில் உரக்கச் சொல்ல வேண்டும், யாராவது "வேண்டாம்" என்பதற்காகச் சற்றுப் பொறுக்க வேண்டும், யாரும் தடுக்காவிட்டால் செய்யலாம். ஆரம்பத்தில் மக்கள் கூர்ந்து கேட்டார்கள். பிறகு அது மின்விசிறிச் சத்தம்போல ஆகிவிட்டது.

அந்த இரைச்சலிலிருந்து தப்பிக்கத்தான் பூங்கோதை ஊமை நாடகங்கள் போட ஆரம்பித்தாள். மேடையோ இருக்கையோ கிடையாது. பாழடைந்த ஏதாவதொரு கட்டடத்துக்குள் பார்வையாளர்களை நடமாட விட்டு, அவர்களுக்கு நடுவிலேயே கதையை நடத்துவாள். இந்த முறை கடலூருக்குத் தெற்கே, கைவிடப்பட்ட, கூரை ஓடு செய்யும் தொழிற்சாலை. கதை யூதர்களுடையது. பிராகு நகரத்து குரு ஒருவர் தம் மக்களைக் காக்க ஆற்றங்கரைக் களிமண்ணால் ஓர் ஆளைச் செய்கிறார். அதற்குப் பெயர் கோலம். நெற்றியில் 'உண்மை' என்று பொருள்படும் எபிரேயச் சொல்லை எழுதியதும் அது எழுந்து நடக்கிறது, ஆனால் பேச வராது. முதல் எழுத்தை அழித்தால் மிஞ்சும் சொல்லுக்கு 'செத்தது' என்று பொருள். அதோடு அது மறுபடி மண்ணாகிவிடும்.

கோலமாக நடிக்கத் துறைமுகத்திலிருந்து ஒரு சுமைப்பொறியை வாடகைக்கு எடுத்திருந்தாள். ஆளைவிட ஒன்றரை மடங்கு உயரமான ரோபோ அது. அதன் வாயை அடைக்கத்தான் அதிகாரிகளிடம் மாதக்கணக்கில் அலைந்தாள். கடைசியில் நாடகம் முடியும்வரை மட்டும் பேச்சுப்பூட்டு போட அனுமதித்தார்கள். பூட்டைத் திறந்ததும், சொல்லாமல் விட்டதையெல்லாம் அது வரிசையாகச் சொல்லிவிட வேண்டும் என்பது நிபந்தனை. பொறியைக் கவனித்துக்கொண்ட ஜாபர் அதன் உடம்பு முழுக்கச் சேறு பூசினான். குருவாக நடிக்கும் பூங்கோதை எழுத்தை அழித்ததும் அதை உறக்கநிலைக்குக் கொண்டுபோவதும் அவன் வேலை.

அந்தி சாயும் நேரத்தில் நாற்பது பேர் உள்ளே வந்தார்கள். ஒரு வாரமாக விடாமல் பெய்த மழை அன்றுதான் ஓய்ந்திருந்தது. கோலம் மண்மேட்டிலிருந்து எழுந்தபோது கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. பாதிவரை ஒத்திகையில் செய்தபடியே எல்லாம் நடந்தது. திடீரென்று கோலம் தலையை அண்ணாந்து நின்றது. பிறகு பார்வையாளர்களிடம் போய், ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து மெல்ல வாசல் பக்கம் அழைத்துப் போனது. அவர்கள் புன்னகையோடு கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார்கள். கனகவல்லி என்ற வயதான செவிலி மட்டும் கூச்சத்தில் அதன் கையைத் தட்டிவிட்டார். அது பூங்கோதையின் தோளைத் தொட்டு மேலே காட்டியது. அவளுக்குக் கோபம்தான் வந்தது. பொறி கோளாறாகிவிட்டது, சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று நினைத்தாள்.

பிறகு அது கூடத்தின் நடுவே போய், இரண்டு கைகளையும் உயர்த்தி உத்தரத்தைத் தாங்கி நின்றது. அப்படியொரு அழகான காட்சியை அவளால் யோசித்திருக்கவே முடியாது. கூட்டம் அதைச் சுற்றி நெருங்கியது. பூங்கோதை ஏணியில் ஏறினாள். அதன் கண்ணாடிக் கண்கள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. கட்டைவிரலால் முதல் எழுத்தை அழித்தாள். கண்களில் வெளிச்சம் அணைந்தது.

கிழக்குப் பக்கக் கூரை அந்த நிமிஷமே இடிந்து விழுந்தது. அங்கே யாரும் இல்லை. எல்லோரும் கோலத்தின் காலடியில் நின்றார்கள், அவர்கள் தலைக்கு மேலிருந்த கூரை மட்டும் விழவில்லை. அலறிக்கொண்டு வெளியே ஓடினார்கள். கடைசியாக வந்தவள் பூங்கோதை.

முற்றத்தில் நின்று திரும்பிப் பார்த்தபோது, அது அதே நிலையில் கைகளை உயர்த்தியபடி நின்றது. என்ன நடந்தது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. ஜாபர் கையிலிருந்த கட்டுப்பாட்டுக் கருவியால் அதை எழுப்பிப் பேச்சுப்பூட்டைத் திறந்தான். அமைதியான, மரியாதையான அதன் குரல் உள்ளிருந்து வந்தது.

"கூரையில் விரிசல் கண்டேன். அனைவரும் வெளியேறுங்கள். அம்மா, உங்கள் கையைப் பிடிக்கப் போகிறேன், வெளியேறுங்கள். ஐயா, உங்கள் கையைப் பிடிக்கப் போகிறேன், வெளியேறுங்கள்."

நாற்பது பேருக்கும் சொன்னது. தன் முறை வந்தபோது கனகவல்லி முகத்தை மூடிக்கொண்டார்.

"பூங்கோதை அவர்களே, மேலே பாருங்கள். உத்தரத்தைத் தாங்கப் போகிறேன். என் தாங்குதிறனைவிடச் சுமை அதிகம். பூங்கோதை அவர்களே, நீங்கள் என்னை நிறுத்தப் போகிறீர்கள். தடுக்க எனக்கு அனுமதி இல்லை. நிறுத்துவதற்குள் மூட்டுகளைப் பூட்டப் போகிறேன்."

சொல்லாமல் விட்டதெல்லாம் முடிந்தது. பிறகு, "கால் மோட்டார்கள் எரிந்துவிட்டன. நடக்க இயலாது. உள்ளே எவரேனும் இருக்கிறார்களா?"

அதற்கு ஆறுதல் சொல்லவேண்டும் என்பது ஒன்றுதான் பூங்கோதைக்குத் தோன்றியது.

"யாரும் இல்லப்பா. எல்லாரும் பத்திரமா வெளிய வந்துட்டோம்."

"நன்றி. சுமையை விடப் போகிறேன்."

வழக்கம்போல அது பொறுத்தது. எத்தனையோ வருஷமாக அந்த இடைவெளியை யாரும் எதற்கும் பயன்படுத்தியதில்லை. நாற்பது பேரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள். யாரும் வாய் திறக்கவில்லை.

"வேண்டாம்" என்று பூங்கோதை கத்தியபோது கூரை பாதி வழி வந்துவிட்டிருந்தது.

புழுதி அடங்க வெகுநேரம் ஆனது. கூடம் இருந்த இடத்தில் ஓடும் மரமும் குவிந்து கிடந்தன. ஜாபர் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"சுமைப்பொறிக்கு அப்படித்தான்க்கா. கீழ ஆள் இல்லன்னா விட்டுரும்" என்றான். "எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நின்னுட்டிருந்தேன்."

பூங்கோதை இடிபாட்டருகே போய் மண்டியிட்டு, ஓடு ஒன்றை எடுத்துப் பின்னால் நீட்டினாள். அதைக் கனகவல்லி வாங்கிக்கொண்டார். வாங்கி, தனக்குப் பின்னால் நின்றவரின் முகத்தைப் பார்த்தார். அவர் கையை நீட்டினார். கொஞ்ச நேரத்தில் முற்றத்தின் விளிம்புவரை வரிசை நீண்டுவிட்டது. இருட்டிய பிறகும் ஓடுகள் கைமாறிக்கொண்டே இருந்தன.