இணைந்துள்ள போன்கள்

துணைத்தலைவர் காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் இருக்கை தானாக முன்னால் நகர்ந்தது. மெதுவாக, மரியாதையாக, உள்ளே எங்கோ ஒரு மோட்டார் முனக நகர்ந்து வந்து, அவருடைய தொப்பை ஸ்டீயரிங்கில் இடித்த பிறகும் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் நின்றது. தலைக்கு மேலிருந்த கண்ணாடி கீழே சாய்ந்தது. பின்னால் வரும் வண்டிகள் தெரிய வேண்டிய இடத்தில் இப்போது காலியான பின்சீட்டு தெரிந்தது.

அவரைவிட ஒரு சாண் குள்ளமான யாருக்கோ கார் தன்னைத் தயார் செய்துகொண்டிருந்தது.

துணைத்தலைவர் பயப்படவில்லை. பயம் வருவதற்கு முன்னால் கோபம் வந்துவிடுவது அந்தப் பதவியின் சலுகைகளில் ஒன்று. பொத்தானை அழுத்தினார், இருக்கை பின்னால் போனது. கையை எடுத்தார், மறுபடி முன்னால் வந்தது. அலுவலகத்தின் அடித்தள நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. ஈர சிமென்டின் வாசனையும், கடைசி வண்டி போன பிறகும் அடங்காத புகையும், சுவரோரம் நின்று நின்று எரியும் ஒரு குழல் விளக்கும்தான் இருந்தன. அந்த வெளிச்சத்தில் காரின் பெரிய திரை, தட்டில் கொட்டிய பால் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

திரையில் 'இணைந்துள்ள போன்கள்' என்று இருந்தது. கீழே இரண்டு வரிகள். இரண்டாவது வரி அவர்: 'துணைத்தலைவர்', பக்கத்தில் பச்சைப் புள்ளி. முதல் வரி: 'சரிங்க சார்'. அதற்கும் பச்சைப் புள்ளி.



அவருடைய கம்பெனி செய்வது ஓர் ஆப். போனையும் காரையும் இணைத்துவிடும். பிறகு போனைத் தொடாமலே பாட்டு, வழி, அழைப்பு, செய்தி எல்லாம் காரின் திரைக்கு வரும். இதைச் சொல்ல இவ்வளவு போதும். அவருக்குப் போதாது. அன்று காலைகூட விழா மேடையில் அங்கும் இங்கும் நடந்தபடி, கார் இனிமேல் வாகனமல்ல, உறவு என்றார். "நாங்கள் ஆப் செய்யவில்லை. பாசம் செய்கிறோம்" என்றார். முன்வரிசை கைதட்டியது. பின்வரிசை சாப்பாடு எந்த மாடியில் என்று விசாரித்துக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'மேடை' என்று பெயர்.

அந்த ஆப்பில் முன்பு ஒரு பொத்தான் இருந்தது: 'இந்தப் போனை நீக்கு'. அதை எடுத்துவிடச் சொன்னவர் மேடைதான். இணைந்த போன்களின் எண்ணிக்கையை ஒரு கோடாக வரைந்து இயக்குநர் குழுவுக்குக் காட்டுவார். கோடு மேலேயே போக வேண்டும். ஆனால் ஜனங்கள் காரை விற்றார்கள், மணவிலக்கு வாங்கினார்கள், செத்தும் போனார்கள். ஒவ்வொருவரும் போகும்போது போனை நீக்கிவிட்டுப் போக, கோடு கொஞ்சம் தொங்கியது. பொத்தானை எடுத்ததும் தொங்குவது நின்றது. இதற்காக அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

"சார், இறந்தவங்க போன்கூட லிஸ்ட்ல அப்படியே நிக்குது" என்று மென்பொருள் பிரிவின் பெண் ஒருத்தி கூட்டத்தில் எழுந்து சொன்னாள்.

"நிக்கட்டுமேம்மா. அவங்க யாராவது புகார் குடுத்தாங்களா?"

அவர் சிரித்தார். அவர் சிரித்ததும் அறையே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் பொதுவாகச் சொல்லவில்லை, ஓர் ஆளைப் பற்றித்தான் சொன்னாள் என்பது அவருக்குத் தெரியும்.

சோதனை ஓட்டுநர். குள்ளமான ஆள். எந்நேரமும் ஜலதோஷம், கழுத்தில் தைலம், இருமல். சோதனைப் போன்களுக்கு ஆளின் பெயர் வைக்காமல் பட்டப்பெயர் வைப்பது அந்த அலுவலகத்தின் குறும்பு. அவர் போனுக்கு 'சரிங்க சார்' என்று வைத்தார்கள், அவர் வாயிலிருந்து வேறெதுவும் வந்து யாரும் கேட்டதில்லை என்பதால். அவர் வண்டி ஓட்டிக்கொண்டே இருப்பார், செய்திகள் வந்துகொண்டே இருக்கும், கார் அவற்றை உரக்கப் படிக்கும், அவர் பதில் சொல்வார். அவர் பதில்களைக் கேட்டுக் கேட்டு ஆப் அவருடைய குரலைக் கற்றுக்கொண்டது. ஒருநாள் அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே கார் அவர் குரலில் 'சரிங்க சார்' என்றது. அந்த வசதிக்கு மேடை 'சொந்தக் குரல்' என்று பெயர் வைத்தார். ஒரு மழைநாள் மாலை, மறுநாள் நடக்கவிருந்த விழாவுக்காக மேடை விடாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தபோது, சரிங்க சார் புறவழிச்சாலை வளைவில் ஒரு லாரிக்குக் கீழே போனார். அறிக்கையில் 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று எழுதியது மேடையின் கைதான். நல்ல கையெழுத்து.

மனைவி அழைத்தாள். காரின் ஸ்பீக்கர்களில் அவள் குரல் நான்கு பக்கமும் நிறைந்தது.

"மழை கொட்டுது. ஓவிய கிளாஸ் முடியுற நேரம். குட்டியக் கூட்டிட்டு வந்துடுங்க. எங்கயாவது மைக்கப் பாத்து நின்னுடாதீங்க."

"கிளம்பிட்டேன்."

தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

வெளியே இருட்டிவிட்டிருந்தது. மழை கூரைமேல் விழும் சத்தம் முதலில் சீராக இருந்து, பிறகு கைநிறையக் கூழாங்கற்களை யாரோ தயங்கித் தயங்கி எறிவதுபோல் மாறியது. வைப்பர் ஒவ்வொரு முறை துடைத்தபோதும் எதிர்வண்டிகளின் விளக்குகள் கண்ணாடியில் நீண்டு, நடுங்கி, அறுந்தன. புதுத் தோல் வாசனைக்காக அந்தக் கார் மேல் அவருக்கு ஒரு பெருமை உண்டு. அந்த வாசனைக்குள் இப்போது வேறொன்று வந்தது. குளிர்காற்றுத் துவாரத்திலிருந்து, மெல்லியதாக, மூக்கின் உச்சியில் போய்க் கடித்துக்கொண்டு. தைலம்.

மென்பொருள் பெண்ணை அழைத்தார்.

"என்னம்மா வேலை பாக்குறீங்க நீங்கல்லாம்? என் கார்ல செத்தவன் போன் முதல்ல நிக்குது. முதல்ல இணைஞ்ச போனோட ஆள்தான் ஓட்டுநர்னு நீங்கதானே விதி வெச்சீங்க? நான் என்ன பயணியா?"

"எந்தப் போன் சார்?"

"சரிங்க சார்."

எதிர்முனையிலும் மழைச் சத்தம் கேட்டது.

"சார், அந்தப் போன் என் மேஜை டிராயர்லதான் இருக்கு. உடைஞ்சு போச்சு. பேட்டரியே கிடையாது."

"அப்ப இது எப்படிக் காட்டுது? நீக்கு, இப்பவே."

"நீக்க முடியாது சார். அந்தப் பொத்தானத்தான் நாம..." அவள் நிறுத்தினாள். குரல் இறங்கியது. "சார், வண்டில உங்ககூட யாரு?"

"யாரும் இல்ல."

"பின்னால யாரோ இருமுறாங்களே சார்."

இணைப்பு போனது. சாய்ந்த கண்ணாடியில் பின்சீட்டு தெரிந்தது. காலி. காலியாகத்தான் இருந்தது. பெல்ட் மட்டும் மாட்டியிருந்தது.

ஏதோ ஒரு குறைபாடு, நாளைக்கு நாலு பேரை வரிசையில் நிற்கவைத்துக் கிழிக்க வேண்டும் என்று நினைத்தார். அந்த நினைப்பு ஆறுதலாக இருந்தது; நாலு பேர் யார் யார் என்றுகூடத் தேர்ந்தெடுத்தார். அப்போது திரையில் ஓர் உறை மிதந்து வந்து திறந்தது. கார் படித்தது. படித்த குரல் அவருடையது.

"எங்கய்யா பதில்?"

பழைய செய்தி. அவர் அனுப்பியது. அடுத்தது வந்தது.

"ஓட்டிக்கிட்டே பதில் போடுறதுதான் டெஸ்டே. ஓரங்கட்டிட்டுப் போட்டா அது எதுக்கு?"

"சரிங்க சார்" என்றது பின்பக்க ஸ்பீக்கர். மூக்கடைத்த குரல். பணிவான குரல்.

"மழையா? மழைல ஓட்டுற ஜனங்க இல்லையா? அவங்களுக்கு யாரு ஆப் செய்வா, உங்க அப்பனா?"

"சரிங்க சார்."

"திரையப் பாத்துப் பேசு. திரையப் பாத்தியா?"

"சரிங்க சார்."

அவ்வளவு கேவலமாகவா பேசினோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. குரல் நன்றாக இருக்கிறது, மேடையில் இருப்பதைவிடக் கம்பீரமாக இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. வெட்கமே இல்லாத அந்த எண்ணம் முடிவதற்குள் இருக்கை நகர்ந்தது. விலா எலும்பில் ஸ்டீயரிங் பதிந்தது. மூச்சு பாதியில் நின்றது.

போனை அணைத்தார். திரையில் இரண்டு பச்சைப் புள்ளிகள்.

கண்ணாடியை இறக்கிப் போனை மழையில் எறிந்தார். பின்னால் வந்த ஏதோ ஒரு வண்டி அதன்மேல் ஏறிய சத்தம் கேட்டது. திரையில் இரண்டு பச்சைப் புள்ளிகள்.

"நிறுத்து" என்றார்.

"நிறுத்து" என்று கேட்டது. கதவிலிருந்த ஸ்பீக்கரிலிருந்து.

மறுபடி சொல்லிப் பார்த்தார். உதடு அசைந்தது. நாக்கு அசைந்தது. தொண்டையில் எதுவும் அசையவில்லை. சத்தம் கதவிலிருந்து வந்தது, ஒரு கணம் தள்ளி. மூன்றாவது முறை அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே வந்துவிட்டது.

ஓவிய வகுப்புத் தெரு. அதற்குள் வந்துவிட்டிருந்தார்.

திரையில் மூன்றாவது வரி எழுந்தது. மங்கலாக. 'குட்டி: இணைக்கப்படுகிறது.'

மகளின் போனில் அந்த ஆப்பைப் போட்டவர் அவர்தான். குடும்பத்தின் போன் பக்கத்தில் வந்தால் கார்க் கதவு தானே திறக்கும் என்பதை மேடையில் சொல்லும்போது, 'என் மகளுக்காகத்தான் இதைச் செய்தேன்' என்று அவர் குரல் தழுதழுக்கும். எந்த இடத்தில் தழுதழுக்க வேண்டும் என்று முன்கூட்டியே குறித்துவைத்திருந்தார். இப்போது குறித்துவைக்கவில்லை. குரலும் இல்லை.

போய்விட வேண்டும். அவளைத் தாண்டிப் போய்விட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் முன்னால் பிள்ளைகளை அழைக்க வந்த கார்களின் வரிசை. பின்னாலும் கார்கள் வந்து ஒட்டிக்கொண்டன. பின்நோக்கி எடுக்க இடமில்லை. கதவைத் திறந்து இறங்கப் பார்த்தார். இருக்கை அவரை ஸ்டீயரிங்கோடு சேர்த்துப் பிடித்திருந்தது. கைப்பிடி விரல்நுனியில் பட்டது. பட்டது மட்டும்தான். உடம்பாலேயே ஹாரனை அழுத்தினார். வரிசையில் எல்லா அப்பாக்களும் ஏற்கெனவே ஹாரன் அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஸ்பீக்கரில் மணி அடித்தது. எதிர்முனையில் எடுத்தார்கள்.

"குட்டி, வந்துட்டேன். வெளிய வாடா" என்றது அவர் குரல். பாசமாக.

"மழை பெய்யுதுப்பா. கொஞ்சம் நின்னதும் வரட்டுமா?"

வராதே. வராதேம்மா. உள்ளேயே இரு. வாய் கிழியத் திறந்து கத்தினார். காற்றுகூட வெளியே வரவில்லை.

"மழைல வர்ற ஜனங்க இல்லையா? ஓடி வாடா."

அவள் சிரித்தாள். வாசல் விளக்கின் கீழே தெரிந்தாள். ஓவியப் பையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு, தேங்கிய தண்ணீரைத் தாண்டித் தாண்டி வந்தாள். மைல்கணக்கில் தூரம் இருந்தால் நன்றாக இருக்கும். நாலு கார் தூரம்தான்.

பூட்டை அழுத்தினார். பூட்டியது.

அவள் பக்கத்தில் வந்தாள். திறந்தது.

ஈரத் தலை. வண்ணக்கலவை வாசனை. முன்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"அய்ய, என்னப்பா தைல நாத்தம்? ஏன் இப்படி ஸ்டீயரிங்க கட்டிப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லடா. பெல்ட் போட்டுக்கோ."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் உதடுகளைப் பார்த்தாள். சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது.

"அப்பா... ஏன் வாயத் திறக்காம பேசறீங்க?"

அவர் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஓடு. கண்ணால் சொன்னார். ஓடு. அவள் கை கதவுக்குப் போனது.

அவளுடைய இருக்கை முன்னால் நகரத் தொடங்கியது. மெதுவாக. மரியாதையாக.

"பெல்ட் போட்டுக்கோ" என்றது அவர் குரல் மறுபடி. பின்சீட்டில் யாரோ இருமினார்கள்.

திரையில் மூன்றாவது புள்ளி பச்சையானது.

மகள் வாயைத் திறந்தாள். பற்கள் தெரிந்தன, நாக்கு தெரிந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. காரினுள் மழைச் சத்தத்தைத் தவிர எதுவும் இல்லை. பிறகு, அவள் பக்கத்துக் கதவின் ஸ்பீக்கரிலிருந்து, அவளுடைய குரல், பணிவாகச் சொன்னது:

"சரிங்க சார்."