தொண்ணூறு கிலோமீட்டர் கொலை!

டெலிபோன் அலறியது!

பெரிய டாக்டர் ரிசீவரை எடுத்தார். மறுமுனையில் ஆம்புலன்ஸ் டிரைவர்.

"டாக்டர்... அக்கா போயிட்டா..."



தபால்காரம்மா! டிரைவரின் கூடப்பிறந்தவள். காலை ஒன்பதரைக்கு சைக்கிளிலிருந்து விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவள்.

"பாதி வழிதான் தாண்டியிருந்தோம். தண்ணி கேட்டா... அவ்வளவுதான்." விசும்பல். "ஒண்ணு கேக்கட்டுமா டாக்டர்? தியேட்டர் உங்க ரூமுக்கு எதிர்லதானே இருக்கு... என்னை ஏன் தொண்ணூறு கிலோமீட்டர் ஓட்டச் சொன்னீங்க?"

லைன் துண்டானது.

எதிரே ஆபரேஷன் தியேட்டர். கதவில் பூட்டு!

ஊர் ஆஸ்பத்திரி ஒரு பெரிய குழுமத்தோடு சேர்ந்து மூன்று மாதம். சேர்ந்தால் புது ஸ்கேன் வரும் என்றார்கள். வந்தது, பொய் சொல்லக்கூடாது. அந்த ஸ்கேன்தான் இன்று காட்டிக்கொடுத்தது... மண்ணீரல் கிழிந்து உள்ளே ரத்தம்! ஆனால் ஸ்கேனோடு ஓர் உத்தரவும் வந்திருந்தது. அவசர ஆபரேஷன் எல்லாம் இனி தலைமை ஆஸ்பத்திரியில்தான்!

இணைப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது யார்?

அவரேதான்.

காலையில் ஹெட் சிஸ்டர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள்.

"பூட்டைத் திறங்க டாக்டர்! மயக்க டாக்டர் இன்னைக்கு இங்கேயே இருக்கார். நீங்க கத்தியைத் தொட்டா பொழைச்சிடுவா!"

"உத்தரவு இருக்கு சிஸ்டர்."

"ரத்தம் போயிட்டிருக்கு... உத்தரவு உத்தரவுன்னா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சிஸ்டர் எழுதிய கேஸ் ஷீட்டிலும் அனுப்பும் சீட்டிலும் கையெழுத்துப் போட்டார். முப்பது வருஷம் கத்தி பிடித்த கை!

இப்போது, கையிலிருந்த ரிசீவரை வைத்தார். மறுபடி எடுத்தார்...

கால் மணி நேரத்தில், சாவுச் சேதி எட்டி, குழுமத்தின் உள்ளூர் மேனேஜர் உள்ளே நுழைந்தார். கையில் புதுசாக ஒரு கேஸ் ஷீட்.

"இதுல ஒரு கையெழுத்து டாக்டர்."

'அனுப்பும்போது ரத்த அழுத்தம் 120. நிலைமை சீர்.'

"எழுபதுதான் இருந்துச்சு."

"சிஸ்டர் தப்பா குறிச்சிட்டாங்கன்னு சொல்லிட்டா விஷயம் முடிஞ்சது! அவங்களை வீட்டுக்கு அனுப்பிடலாம். உங்க மேல தூசு கூடப் படாது."

பேனாவை நீட்டினார்.

பெரிய டாக்டர் பேனாவையே வெறித்தார். காதுக்குள் டிரைவரின் விசும்பல் நிற்கவில்லை.

கதவு படாரென்று திறந்தது!

லேடி இன்ஸ்பெக்டர்! பின்னால் ஒரு கான்ஸ்டபிள், வெளிறிப்போன ஹெட் சிஸ்டர்.

"இங்கே ஒரு கொலைன்னு போன் வந்துச்சு."

மேனேஜர் சிரித்தார். "இதோ, இந்தம்மா வேலைதான்! தன் தப்பை மறைக்க ஊர் மேல பழி போடுறாங்க."

"நான் பண்ணல மேடம்." சிஸ்டரின் குரல் உடைந்தது. "பண்ணியிருக்கணும்..."

"பேசினது ஆம்பளைக் குரல்" என்றாள் இன்ஸ்பெக்டர்.



"நான்தான்." பெரிய டாக்டர் எழுந்தார்.

மேனேஜருக்கு வியர்த்தது. "டாக்டர்! என்னையா கொலைகாரன்னு சொன்னீங்க?"

"உங்களை இல்ல சார்" என்றாள் இன்ஸ்பெக்டர். "தன்னையே சொல்லிக்கிட்டார்!"

பெரிய டாக்டர் இரண்டு தாள்களை நீட்டினார். "இது காலைல சிஸ்டர் எழுதினது. எழுபது. அதுக்குக் கீழே என் கையெழுத்து. தெரிஞ்சேதான் அனுப்பினேன் மேடம். இன்னொண்ணு... இவர் இப்பக் கொண்டு வந்தது."

மேனேஜர் நழுவப் பார்த்தார். கான்ஸ்டபிள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

தியேட்டர் சாவியை டாக்டர் சிஸ்டரின் உள்ளங்கையில் வைத்தார். அவள் அவரைப் பார்க்காமலே சாவியை இறுக்கிக்கொண்டாள்.

"எங்க வக்கீல் வராம நான் நகர மாட்டேன்!" மேனேஜர் கத்தினார். "அவர் தலைமை ஆஸ்பத்திரியில இருக்கார்!"

"தொண்ணூறு கிலோமீட்டர்தானே? மெதுவா வரட்டும்." இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரி செய்துகொண்டாள். "நல்லவேளை, எங்க ஸ்டேஷனை இன்னும் யாரும் பெரிய ஸ்டேஷனோட சேர்க்கல... ரெண்டே தெரு, நடந்தே போயிடலாம் வாங்க!"