விறாந்தை வாங்கில் இருப்பவர்

நிப்லா திரும்பக் கொண்டுவந்து கையில் வைத்த ரேம் துண்டு, இரவெல்லாம் கிணற்றடியில் கிடந்த செம்பைப் போலக் குளிர்ந்திருந்தது.

இரண்டு நிமிடங்களுக்கு முன்புதான் மஸீனா அதை மதர்போர்டிலிருந்து கழற்றி, விறாந்தையில் இருக்கும் கம்பியூட்டர் திருத்துபவரிடம் காட்டிவிட்டு வரும்படி மகளிடம் கொடுத்தனுப்பினாள். அப்போது அதில் அவளுடைய விரல்களின் சூடு இருந்தது. வெளியே மழை, சாரல் அடிக்கிறது, அதனால்தான் என்று சொல்லிக்கொண்டு முந்தானையில் துடைத்தாள். துண்டின் பொன்னிறப் பற்களின் இடுக்கில் செம்மண் ஒட்டியிருந்தது. துடைக்கத் துடைக்க ஈரமண்ணின் வாசனை எழுந்து வந்தது. அதற்கு மேலே மெல்லியதாக இன்னொரு வாசனை. கற்பூரம் போல.

கணவர் நுஹ்மான் மவுத்தாகி முப்பத்தேழு நாட்கள். மஸீனா இத்தாவில், விதவை வீட்டோடு இருக்கும் நாலு மாதம் பத்து நாளில், இருந்தாள். அந்நிய ஆண்கள் முன்னால் வரக்கூடாது என்பதால் ஹோலுக்கும் விறாந்தைக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரையைக் கட்டியிருந்தார்கள். கம்பியூட்டரைத் திருத்த மாத்தளையிலிருந்து றிஷாத் என்பவர் வருவதாக ஏற்பாடு. நுஹ்மான் சாமான்களை ஒவ்வொன்றாக வாங்கியது அவருடைய கடையில்தான். மஸீனாவின் தங்கை நஸ்மியாதான் அவரோடு போனில் பேசினாள். வாசலிலேயே இருந்துகொண்டு சொல்லிக்கொடுக்கிறேன், நீங்களே கழற்றுங்கள் என்று அவர் சொன்னாராம். பெட்டியை வெளியே தூக்கிக் கொடுத்துவிட மஸீனாவுக்கு மனமில்லை.

காலையில் தம்புள்ளைக்குக் கிளினிக் போன நஸ்மியா இன்னும் திரும்பவில்லை. மத்தியானம் இரண்டரை மணிக்கு, மழை இருட்டிக்கொண்டு கொட்டத் தொடங்கிய நேரத்தில், கேற்றின் சங்கிலி ஒரு முறை ஆடியது. வந்துட்டாரு உம்மா என்று நிப்லா வெளியே ஓடினாள். விறாந்தையிலிருந்த பழைய மரவாங்கு, யாரோ அமர்ந்தது போல, ஒரு தடவை முனகியது. அவ்வளவுதான். வந்தவருடைய குரலை மஸீனா இதுவரை கேட்கவில்லை. அவர் ஆறு வயதுப் பிள்ளையின் காதில் மெதுவாகச் சொன்னார்; பிள்ளை உள்ளே வந்து ஒப்புவித்தாள். இத்தாவில் இருக்கிறவளின் காதில் தன் குரல் விழக்கூடாது என்று நினைக்கிற மனிதர், நல்ல அடக்கமான மனிதர் என்று மஸீனாவுக்கு மரியாதைகூட வந்தது.

அந்தப் பெட்டிக்குள் ஒரு வீடியோ இருந்தது. சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, கிழமைக்கு மூன்று முறை இரத்தம் சுத்திகரிக்கப் போய்வந்த கடைசி மாதத்தில், நுஹ்மான் இதே மேசைக்கு முன்னால் இருந்து தன்னைத்தானே பதிந்து வைத்தார். நிப்லா உம்மாவிடம்தான் வளர வேண்டும், யார் கேட்டாலும் இதைக் காட்டு என்று அதில் சொல்லியிருந்தார். அதைப் போனில் ஏற்றி வைக்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. இப்போது அவருடைய நானா ஸக்கரியா, பிள்ளையைத் தன் வீட்டில் வளர்க்கும்படி தம்பி தன்னிடம் கேட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அஸருக்குத் தொழுதுவிட்டு நாளை பள்ளிவாசல் நிர்வாகத்தார் நாலு பேர் தீர்ப்புச் சொல்ல வருகிறார்கள். நாளைக்குள் அது ஓடவேண்டும். ஓடாவிட்டால் நிப்லா இல்லை.

முந்தாநாள் இடி முழங்கியபோது எல்லோரையும் போல அவளும் பிளக்கைக் கழற்றினாள். பின்பக்கத்து இன்டர்நெட் வயரைக் கழற்ற மறந்துவிட்டாள். மின்னல் அதன் வழியே வந்தது போலிருந்தது. அதற்குப் பிறகு பொத்தானை அமுக்கினால் விசிறிகள் ஒரு சுற்று சுற்றி நின்றுவிடும். சத்தம் இல்லை, மொனிட்டரில் வெளிச்சம் இல்லை.

"மாமா சொல்றாரு, ரேம் நல்லாத்தான் இருக்காம். இப்ப அந்த வட்ட பெட்டரியக் கழட்டட்டாம்."

மஸீனா காசு போன்ற அந்தச் சிறிய பெட்டரியை திருகாணி முனையால் நெம்பி எடுத்தாள். நிப்லா அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு போனாள். திரை அசைந்து மூடியது. விறாந்தையின் தகரக் கூரையில் மழை ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது, அந்தச் சத்தத்துக்குள் யாரோ நிறுத்தாமல் எதையோ முணுமுணுப்பது போலவும், உற்றுக் கேட்டால் அது மழை மட்டுமே போலவும் இருந்தது. மஸீனாவின் கைகள் மேசையில் கிடந்த ஆணிகளைத் தடவிக்கொண்டே இருந்தன. பெட்டரி திரும்பி வந்தபோது அதிலும் செம்மண். கலேவெலயில் இந்தப் பக்கமெல்லாம் கறுத்த மண். நுஹ்மானை அடக்கிய மையவாடி இருக்கும் மேட்டில்தான் சிவப்பு.

"மாமா குளிர்ல இருக்காரா மகள்? தேத்தண்ணி கேட்டாரா?"

நிப்லா தலையை ஆட்டினாள். "வாணாமாம். போர்வை போத்திருக்காரு. வெள்ளைப் போர்வை. தலையையும் மூடியிருக்காரு, மூஞ்சி சரியாத் தெரியல."

பஸ்ஸிலிருந்து இறங்கி மழையில் வந்திருப்பார். அப்படித்தான். மஸீனா வேலையைப் பார்த்தாள்.

அடுத்த சொல் வந்தபோது பிள்ளை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, மறந்துவிடாமல் சொன்னாள். மதர்போர்டை முழுசாக வெளியே எடுக்க வேண்டுமாம். அதற்கு அடியில் பலகையைத் தாங்கும் பித்தளைக் கால்கள் இருக்குமாம். இடப்பக்கம் மூன்றாவது கால் தேவையில்லாத கால். அதற்குக் கறுப்பு டேப் சுற்றியிருக்கும், டேப் காய்ந்து விட்டிருக்கும், அதுதான் பலகையில் பட்டு எல்லாவற்றையும் நிறுத்துகிறது.

அவள் திருகாணிகளைக் கழற்றினாள். மெல்லத் தூக்கினாள். பலகையை ஒரு காட்போர்ட் மட்டையின் மேல் வைத்துவிட்டுப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

இடப்பக்கம். மூன்றாவது. கறுப்பு டேப், காய்ந்து உரிந்து, பாம்புச் சட்டை போல.

அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். இந்தப் பெட்டியை நுஹ்மான் தனியாகத்தான் பாகம் பாகமாகப் பூட்டினார். பக்கத்தில் இருந்து டோர்ச் பிடித்தவள் அவள் ஒருத்திதான். அந்தக் காலைத் திருகிக் கழற்ற முடியாமல் போனபோது, யாருக்குத் தெரியப்போவுது என்று சிரித்துக்கொண்டே டேப்பைச் சுற்றியது அவளுக்கு நினைவிருந்தது. அதற்குப் பிறகு யாரும் இதைத் திறக்கவில்லை. சாமான் விற்ற றிஷாத்துக்கு இது எப்படித் தெரியும்? போனில் சொல்லியிருப்பார். ஏதாவது பேச்சில் சொல்லியிருப்பார். அந்த மனிதருக்கு எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொல்லும் பழக்கம்.

குறடால் இறுக்கித் திருகினாள். அன்றைக்கு அசையாத கால் இன்றைக்கு வெண்ணெயில் இருந்தது போல இலகுவாகக் கழன்று வந்தது.

"மாமா சொல்றாரு, அவசரப்படாதாம் மஸீ. கை வெட்டிப்போடுமாம்."

மஸீ.

அவளுடைய உம்மாகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. ஒரே ஒரு வாய்தான் அப்படிக் கூப்பிட்டது. நிப்லா அதைச் சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று தெரியாமலே, திரைக்கு வெளியே திரும்ப ஓடிவிட்டாள்.

அப்போது போன் அடித்தது. தெரியாத இலக்கம். இத்தாவில் அப்படி வந்தால் அவள் எடுப்பதில்லை. இன்றைக்கு எடுத்தாள்.

"ராத்தா, நான் மாத்தளை றிஷாத் பேசுறேன். தங்கச்சிட நம்பருக்கு அடிச்சு அடிச்சுப் பார்த்தேன், வேலையில்ல. நாலந்தா கிட்ட ரோட்டுக்குக் குறுக்கால பெரிய மரம் ஒண்ணு விழுந்து கிடக்கு. பன்னிரண்டு மணில இருந்து வேனுக்குள்ளதான் இருக்கேன், இப்பதான் சிக்னலே வந்துச்சு. நாளைக்கு சுபஹு தொழுதிட்டு நேரா வந்துர்றேன். அதுவரைக்கும் நீங்களா ஒண்ணையும் கழட்டிறாதீங்க, என்ன?"

போன் அறுந்தது.

மேசை முழுவதும் கழற்றிய பாகங்கள். குளிர்ந்த ரேம். மண் படிந்த பெட்டரி. மட்டையின் மேல் வெறும் பலகை, வயிறு திறந்த மீனைப் போல.

மழை நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. தகரத்திலிருந்து ஒவ்வொரு சொட்டாக விழுந்தது.

பச்சைத் திரை தரையைத் தொடவில்லை. நாலு விரற்கடை இடைவெளி. மஸீனா மெல்லக் குனிந்து பார்த்தாள்.

வாங்கின் நான்கு கால்கள் தெரிந்தன. மகளின் பாதங்கள் தெரிந்தன. அவை தரையில் இல்லை. தொங்கிக்கொண்டிருந்தன, முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருந்தன, யாருடைய மடியிலோ இருக்கிற பிள்ளையின் பாதங்களைப் போல. அவற்றுக்குக் கீழே வேறு பாதங்கள் இல்லை.

"நிப்லா. உள்ளுக்கு வாங்க மகள்."

"கொஞ்சம் இருங்க உம்மா. இன்னம் ஒண்ணுதான் மிச்சமாம்."

"இப்ப வாங்க."

பாதங்கள் ஆடுவதை நிறுத்தின. திரைக்குப் பின்னால் ஒரு மூச்சு. நீளமான, ஈரமான, கடைசி நாட்களில் இரவு முழுக்க அவள் பக்கத்தில் படுத்துக் கேட்ட மூச்சு. பிறகு பிள்ளையின் குரல், சின்னதாக.

"ஸ்க்ரூட்ரைவரால, பொத்தான் வயர் மாட்டுற அந்த ரெண்டு கம்பியையும் தொடட்டாம். தொட்டாத்தான் விடுவாராம்."

எழுந்து போய்த் திரையைக் கிழித்தெறிய வேண்டும் என்று அவளுடைய உடம்பு முழுவதும் சொன்னது. பிள்ளை அந்த மடியில் இருந்தாள். தலைக்கு மேலே பல்ப் ஒரு தரம் மங்கி, அணைந்தது. ஹோலில் விசிறி நின்றது. அடுத்த வீட்டு ரேடியோவும் நின்றது. ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது.

கரண்ட் இல்லை. தொட்டாலும் ஒன்றும் ஆகாது. தொட்டுவிட்டால் பிள்ளை வந்துவிடுவாள்.

ஸ்க்ரூட்ரைவரை எடுத்தாள். முனை இரண்டு கம்பிகளையும் தேடியது. தவறியது. மறுபடி தேடியது.

தொட்டது.

ஒரு சிறிய பீப் ஒலி. பலகையின் மேலிருந்த விசிறி சுற்றியது. நிற்கவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தது.

மொனிட்டரில் வெளிச்சம் வந்தது. எழுத்துகள் ஓடவில்லை, கேள்வி எதுவும் கேட்கவில்லை. நேரே அந்த வீடியோ. நேரே அவர். கன்னம் ஒட்டி, கண்கள் வீங்கி, இந்தச் சுவருக்கு முன்னால், இந்தக் கதிரையில். மனப்பாடமாக அவளுக்குத் தெரிந்த அந்த முதல் வார்த்தைகளை அவர் சொன்னார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் நுஹ்மான். என்ட மகள் நிப்லா..."

நிறுத்தினார்.

அந்த வீடியோவில் அவர் நிறுத்துவதே இல்லை.

விறாந்தையில் வாங்கு முனகியது. யாரோ எழுந்தது போல. மஸீனா திரும்பினாள், விழுந்தடித்து ஓடினாள், திரையைப் பற்றி இழுத்தாள். கயிறு அறுந்து பச்சைத் துணி அவள் மேல் விழுந்தது. உதறி எறிந்தாள்.

வாங்கு வெறுமையாக இருந்தது. அதன் பலகையில் செம்மண் நீர் தேங்கியிருந்தது. கேற் பூட்டியபடி. முற்றத்துச் சேற்றில் ஒரு தடம்கூட இல்லை.

"நிப்லா."

பதில் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது. மேசையில் இருந்த ஸ்பீக்கரிலிருந்து. பிள்ளைச் சிரிப்பு.

திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தாள்.

மொனிட்டருக்குள் நுஹ்மான் பக்கவாட்டில் திரும்பி யாரையோ கை நீட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஓரத்திலிருந்து நிப்லா வந்தாள். இன்று காலை மஸீனா உடுத்திவிட்ட மஞ்சள் சட்டை, ஒரு பக்கம் மட்டும் அவிழ்ந்த பின்னல். வாப்பாவின் முழங்காலைப் பிடித்து ஏறி மடியில் இருந்துகொண்டாள். தலையை அவருடைய நெஞ்சில் சாய்த்தாள். பாதங்கள் ஆடின.

மஸீனா கத்தினாள். மொனிட்டரை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு மகளின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினாள். கண்ணாடி குளிர்ந்திருந்தது.

உள்ளே, தூரத்தில் யாரோ கூப்பிடுவது போல, நிப்லா தலையைத் தூக்கினாள். அங்கும் இங்கும் தேடினாள். உதடு உம்மா என்று அசைந்தது.

நுஹ்மான் தன் உள்ளங்கையை அவளுடைய முகத்தின் மேல் வைத்து, நெற்றியிலிருந்து கீழ் நோக்கி மெதுவாக இழுத்து, இரண்டு கண்களையும் மூடிவிட்டார்.